சுயகற்றல் மையத்தில் ஒரு சிரிப்பு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும், கல்லூரியின் பழைய கருத்தரங்கக் கூடத்தில் வைக்கப்பட்டது.

தொழில்நுட்ப வசதிகளுடன் கூடிய சுயகற்றல் மையம்.

ஆசிரியர் இல்லாமல் மாணவர்கள் தாங்களாகவே கற்கும் இடம்.

அதைக் கண்காணிக்க ஓர் ஆசிரியர் நியமிக்கப்பட்டார்.

அவர்தான் இப்போது வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, கடைசி வரிசைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரித்தாள்.

படிக்கிறவள் சிரிக்க மாட்டாள். இயற்பியல் துறையில் தலை நரைத்தவருக்கு அதுகூடத் தெரியாதா? அவருடைய வகுப்பில் இன்றுவரை ஒருவரும் சிரித்ததில்லை.

மறுபடி சிரித்தாள். இம்முறை வாயைப் பொத்திக்கொண்டு.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டம். மையத்தில் ஒரே ஒரு தப்பு நடந்ததாக ஆதாரம் காட்டினால் போதும், இழுத்துப் பூட்டிவிடலாம் என்று முதல்வரிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தார். கூரையில் கேமராக்கள் வந்ததுகூட அவர் போராடித்தான்.

எல்லாம் ஆவுடையப்பனால் வந்தது. வேதியியல் துறை. திறப்பு விழா அன்று கேசரியை வாயில் போட்டபடி கேட்டுவிட்டார்.

"அதுகளே படிச்சுக்கிடுமாம். அப்ப நாம எதுக்குவே? வாசல்ல செருப்பு பாத்துக்கிடவா?"

அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் சரியில்லை.

மையத்துக்குள் செருப்புக்கு அனுமதி கிடையாது, முதல்வர் உத்தரவு. எல்லாச் செருப்புகளும் அவருடைய மேசைக்குப் பக்கத்தில்தான் கிடந்தன.

எழுந்தார்.

வெறுங்கால் சத்தம் போடாது. முதல்வரின் தீர்க்கதரிசனத்தை முதன்முறையாக மெச்சினார்.

கால்வாசி தூரத்தில், காதல் என்று முடிவு செய்தார். பாதி தூரத்தில் பையனின் துறையையும் ஊகித்துவிட்டார். வணிகவியல்.

திரையில் பையன் இல்லை.

ஒரு சமையலறை. ஒரு பெண். அடுப்பில் சாம்பார்.

சமையல் குறிப்பு!

காதல் அளவுக்குக் கனமில்லை. இருந்தாலும் ஆதாரம் ஆதாரம்தான்.

"ஏம்மா சங்கரகோமதி, இதான் நீ படிக்கிற லட்சணமா?"

அவள் பதறி எழுந்தாள். ஹெட்போன் கழுத்தோடு வர, அதன் ஒயர் கழன்றது. சமையலறைப் பெண்ணின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"சாம்பார்ல மோர ஊத்தியாச்சு. மாமியார் வர்றதுக்குள்ள மோர் தனியா, சாம்பார் தனியா பிரிச்சு வைக்கணும். முடியுமா? முடியாதுல்ல? திரும்பிப் போக வழியே கிடையாது. இதாங்க என்ட்ரோபி."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"நீங்க நடத்துனதுதான் சார்," என்றாள். "இப்பதான் புரிஞ்சுது."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

என்ட்ரோபி.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் நடத்தும் பாடம். நோட்ஸ் சொல்லித்தான் நடத்துவார். கமா என்பார். முற்றுப்புள்ளி என்பார். அடுத்த பத்தி என்பார். கடைசியில், சந்தேகம் உண்டா என்பார்.

ஒருவருக்கும் இருந்ததில்லை.

அவருக்கும் இருந்ததில்லை. புரிந்தவனுக்குத்தானே சந்தேகம் வரும்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது. கிளம்பு."

அவள் கணினியை அணைக்கக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

அவளும் போனாள், மற்றவர்களும் போனார்கள். மேசைக்குப் பக்கத்தில் அவருடைய செருப்பு மட்டும் மிச்சம்.

கதவை உள்ளே தாழிட்டார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

சாம்பார் முதலிலிருந்து கொதித்தது.



வெள்ளிக்கிழமை.

"நம்ம சார் ரொம்ப நாளா ஆதாரம் ஆதாரம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. நாமளே பாத்துருவோமே," என்றார் முதல்வர். கேமராப் பதிவைப் பெரிய திரையில் ஓட்டினார்.

பிள்ளைகள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். போனார்கள்.

கதவு தாழிடப்பட்டது.

ஆளில்லாத கூடம். கடைசி வரிசை. காதில் ஹெட்போன். கணினியின் முதுகுதான் தெரிகிறது, முகப்பு தெரியவில்லை. அதற்கு எதிரே நரைத்த தலை ஒன்று.

தோள் குலுங்கியது.

பிறகு ஒரு கை வாயைப் பொத்தியது.

பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

பெண் ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"என்னவே நடக்கு அங்க?" என்றார் ஆவுடையப்பன். அவர் வாயில் இன்று கேசரி இல்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார்.

"சார்... என்ன பாத்தீங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

எதிர் வரிசையில் இயற்பியல் துறை உட்கார்ந்திருந்தது. எல்லாம் அவரிடம் படித்த பிள்ளைகள். அவர் சொன்ன நோட்ஸை இன்றைக்கும் கமாவோடு வகுப்பில் சொல்கிறவர்கள்.

ஐயா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சினிமா," என்றார்.

இப்போது அந்த மையம் மறுபடியும் கருத்தரங்கக் கூடம்.