புல்லைக் காட்டும் கண்ணாடி

விஸ்கான்சினில், அறுக்காத மக்காச்சோளக் கொல்லை ஓரம் மாலை வெயில் சாய்ந்துகிடக்கிறது. வில்லால் மான் வேட்டையாடும் பருவம் நாளைக்குத் தொடங்குகிறது. போன வருஷம் மரத்துப் பரணிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட மார்லிஸ், இனி ஏற முடியாது என்றானதும், பழைய அலமாரிகளின் முகம்பார்க்கும் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகப் பலகையில் பதித்துத் தரையிலேயே ஒளிந்திருக்க ஒரு மறைவு கட்டியிருக்கிறாள். இதுவும் பலிக்காவிட்டால் வில்லை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான். மறைவுக்குள் முக்காலியில் உட்கார்ந்து, அம்பு விடும் இடுக்கு வழியே வெளியே நிற்கும் கணவன் டெல்மரைப் பார்க்கிறாள்.

"கண்ணாடியில வானம் தெரியுது, மார்லிஸ். பளீர்னு கண்ணுல அடிக்குது. எந்த மான் கிட்ட வரும்?"

அவள் உள்ளிருந்தே கீலைத் தளர்த்திக் கண்ணாடியின் மேல்விளிம்பை முன்னால் சாய்க்கிறாள். "இப்ப?"

"புல்லுதான் தெரியுது. அட, நீ எங்கடி போன?" என்று சிரிக்கப்போன டெல்மர், சட்டென்று கையமர்த்திவிட்டு அப்படியே குந்துகிறான்.

சோளத்தட்டை சரசரக்கிறது. பெண்மான் ஒன்று நேராகக் கண்ணாடிக்கே வருகிறது. பலகைக்கு அந்தப் பக்கம் அதன் மூச்சு புஸ்ஸென்று கேட்கிறது. இடுக்கில் ஒரு கண், நீண்ட இமைமயிர், அதில் ஒட்டிய ஒரு புல்விதை. இருபது வருஷமாக மேலிருந்து மான்களின் முதுகையே பார்த்தவள் அசையாமல் இருக்கிறாள். கண்ணாடியில் நாக்கு வழுக்கும் சத்தம். பிறகு அது வாலை ஆட்டிக்கொண்டு நிதானமாகப் போய்விடுகிறது.

டெல்மர் ஓடிவந்து, எச்சில் படிந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைக்கப் போகிறான்.

"தொடைக்காத!" என்கிறாள் மார்லிஸ், ஊன்றுகோலைத் தேடியபடி. "நான் வந்து பாக்கணும்."