கிளை பிரியாத பாதை

கிளை பிரியாத பாதையாக ஒன்று வேண்டியிருந்தது அவனுக்கு.

சாப்பாட்டு மேசையில் இயற்கைப் பூங்கா ஒன்றின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். சிவப்புப் பாறையும் மணலுமான பாலைநிலம். அவர்கள் இருக்கும் அமெரிக்க நகரமான ஃபீனிக்ஸிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூடப் போனதில்லை.

அவனுக்குப் பின்னால் அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

வாசல் கதவு வரை. அங்கிருந்து பின்கதவு வரை. மறுபடி வாசல். காலையிலிருந்து இதே நடைதான்.

இரண்டு கதவுக்கும் உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. போட்டவன் அவன்தான். எட்டாத தாழ்ப்பாளை அவள் நிமிர்ந்து பார்ப்பாள், திரும்புவாள்.

போன மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவளைப் போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டார். அதிலிருந்து வெளியே கிளம்பினால் கையைப் பிடித்துக்கொண்டுதான். பிடித்தால் உதறுவாள். உதறினால் இவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். எவனோ ஒருத்தன் ஒரு கிழவியை இழுத்துக்கொண்டு போகிறான் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

ஒரு நாளாவது அந்தக் கையை விட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு ஆயுசுக்கும் தடுப்பூசி போட்டவள் அம்மா. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசாங்கம் வைத்த பேர். சனங்களுக்கு நர்ஸம்மா. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரிசல் காட்டில் ஊர் ஊராக நடந்த கால். இந்தக் கூடத்துக்குள் அடங்கு என்றால் அடங்குமா?

மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. நடை மறக்கவில்லை.

முதல் பாதை பள்ளத்தாக்கின் விளிம்போரமாகப் போனது. வேண்டவே வேண்டாம். அடுத்ததில் முழுக்கப் படிகள். இன்னொன்றை மிக எளிது என்று போட்டிருந்தார்கள். பார்த்தால் நடுவில் மூன்றாகப் பிரிந்தது. எளிது என்று எழுதிய புண்ணியவானுக்கு வயதான அம்மா கிடையாது போலிருக்கிறது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது.

மலையிடுக்குக்குள் போகும் மணல் தடம். இரண்டு பக்கமும் பனை உயரத்துக்குச் செங்குத்தான பாறை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஒரு மைல் போனால் பாறை வந்து மறித்துவிடும். போன வழியேதான் திரும்ப வேண்டும். தொலைய நினைத்தாலும் தொலைய முடியாது.

அவள் முன்னால் போகலாம். இஷ்டத்துக்குப் போகலாம். இவன் பின்னால் கையை வீசிக்கொண்டு வருவான்.

இடுக்குக்குள் மழைவெள்ளம் வந்தால் ஏறித் தப்ப இடமில்லை. வானிலையைப் பார்த்தான். பூங்காவுக்கு மட்டுமில்லை, தண்ணீர் இறங்கிவரும் மேட்டுநிலத்துக்கும் பார்த்தான். பொட்டு மேகமில்லை. மனசு ஆறாமல் திரும்பவும் பார்த்தான். விடிந்ததும் உள்ளே போய்விட்டால் வெயில் ஏறும்வரை நிழல் இருக்கும். எழுந்தான். உட்கார்ந்தான். அம்மாவின் நடை அவனுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

மனைவி மேகலா ஐஸ் பெட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். நாளைக்குத் தண்ணீரும் மோரும் எடுத்துப்போக.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஊசி மருந்து வந்த பெட்டியும் அப்படித்தான் இருக்கும்.

"ஜீப் வந்துருச்சா தம்பி?"

அவனைத்தான் கேட்டாள். கொஞ்ச நாளாக அவளுக்கு அவன் ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர். மகனாக இருந்தது போன பொங்கலோடு முடிந்துபோயிற்று.

"காலையில வந்துரும்மா. நாளைக்கு மலைக்குள்ள தடுப்பூசி கேம்ப்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். டாக்டரிடம் கூட்டிப்போகும்போதெல்லாம் சொல்லுகிற பொய்தான். சொன்னால் மறுபேச்சில்லாமல் காரில் ஏறிவிடுவாள்.

"பிள்ளைங்க வந்துரும்ல?"

"வந்துரும்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி நடந்தாள். இப்போது நடையில் வேகம் கூடியிருந்தது.

மேகலா அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பாதையெல்லாம் சரி. அந்தக் கடைசிப் பாறைகிட்ட நின்னுக்கிட்டு, பிள்ளைங்க எங்கன்னு அத்தை கேட்டா என்ன சொல்வீங்க?"

அதை அவன் யோசிக்கவில்லை. வெயிலை யோசித்தான், வெள்ளத்தை யோசித்தான், பாம்பைக்கூட யோசித்தான். டாக்டரிடம் போனால் நாலு குழந்தைகளாவது கண்ணில் படும், அவளும் சமாதானமாகிவிடுவாள். இடுக்குக்குள் யார் இருக்கப்போகிறார்கள்? ஒரு பிள்ளை வராவிட்டால் வீடு தேடிப் போய் ஊசி போடுகிறவள். வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வர மாட்டாள். மறுபடி அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

வரைபடத்தை மடித்தான். விரித்தான்.

பிறகு எழுந்துபோய் கூடத்தின் நடுவில், அவள் நடக்கிற தடத்திலேயே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டையின் இடது கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றினான். பாதித் தலை நரைத்த ஆள்.

அம்மா வந்தாள்.

நின்றாள். காலையிலிருந்து அவள் நின்றது அப்போதுதான்.

குனிந்து அவன் மேல்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். முந்தானை நுனியை எடுத்து ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"பயப்படக் கூடாது. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"சரி."

அவள் நிமிர்ந்து அவனுக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"உங்கம்மா கூட வரலையாப்பா?"

மேகலா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"வந்துக்கிட்டிருக்காங்க" என்றான் அவன்.