பதினேழாம் எண்

"கைதான் உன் பிழைப்பு. அதுவே மரத்துப்போனா நான் என்ன பண்ண?" என்று சூப்பர்வைசர் வேலையை விட்டு நிறுத்திய மறுநாள், அவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். அவள் பாட்டுக்குக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு மாசமா. சொன்னா வேலை போயிடும்னு மூச்சு விடல டாக்டர்."

"பி வைட்டமின் சுத்தமா இல்லம்மா. வாரத்துக்கு இருபது பேர் இப்படி வர்றாங்க. இதே மாத்திரையத்தான் எழுதறேன். ஒருத்தருக்கும் சரியா கேக்கல. விட்டு விட்டுப் போடறாங்க போல."

சீட்டிலிருந்த மாத்திரையின் பெயரைப் படித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மருந்துக்கடையில் பெட்டியை வாங்கியதும், "விரல்ல பலமில்ல. ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

இருபக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை. கடைக்காரர் ஒரு குழியை அமுக்கினார். காலி. அடுத்ததும் காலி.

"தடவிப் பாத்தாலே தெரியுமே. எந்தப் பாவிக்குக் கை விளங்காமப் போச்சோ."

அவள் பெட்டியைத் திருப்பினாள். 'பரிசோதித்தவர் எண் 17' என்றிருந்தது.

நேற்றுவரை அந்த மாத்திரைக் கம்பெனியில் அவள் சட்டையில் குத்தியிருந்த எண்.