ஒரு நூல் முந்தி

"இந்த வாட்டி நீயே சுத்துண்ணே. வேற யார் கையும் உடைய வேண்டாம்."

தங்கை கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் கணவன், வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பழைய டிராக்டருக்கு, தீப்பொறி விழும் நேரம் குறிக்கிற டைமிங் வைத்துக் கொடுத்தது மெக்கானிக்கான அண்ணன்தான். மறுநாள் இன்ஜினைக் கிளப்பக் கணவன் ஹாண்டிலைச் சுற்றியபோது தீப்பொறி முந்திக்கொண்டது. இன்ஜின் பின்பக்கமாக உதைத்தது. மணிக்கட்டு முறிந்தது. சொந்தத் தங்கை வீட்டு வேலையிலேயே இத்தனை அசட்டையா என்று இரண்டு குடும்பமும் பேசித் தீர்த்தன. அண்ணன் பழியை ஏற்றுக்கொண்டான்.

இப்போது பிளக்கைக் கழற்றி, துளையில் விரல் வைத்து, காற்று முட்டுகிறதா என்று பார்த்தான். ஃப்ளைவீல் சக்கரத்தின் கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்தினான். தீப்பொறியை விடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் நடுவில் சிகரெட் தாளைச் செருகி, அதை மெல்லத் திருப்பினான். தாள் பிடி விட்டு வந்த இடத்தில் திருகை இறுக்கினான். உடனே தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை.

உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். ஸ்பேனர் பிடிக்கிற கை. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. போகாதே என்று காலையில் மனைவி அழுதிருந்தாள்.

பிளக்கை மாட்டிவிட்டு ஹாண்டிலைச் செருகினான். கணவனின் முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், வேண்டாம். நான் இடது கையால சுத்துறேன்."

"இருக்கிற ஒண்ணும் போகணுமா? பேசாம இருங்க," என்றாள் தங்கை.

உதைத்தால் ஒடியாதிருக்க அண்ணன் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டான். கண்ணை மூடிச் சுற்றினான்.

ஒன்றும் இல்லை.

மறுபடி. ஹாண்டில் கனத்து நின்றது. பிறகு வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது.

அன்றைக்கே இந்த அக்கறை இருந்திருந்தால் என்கிற மாதிரி தங்கை ஏதோ சொன்னாள். சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது.

கணவன் அண்ணனின் காதருகே வந்தான்.

"நீங்க போனதும் நான்தான் திருகைத் தளர்த்தி ஒரு நூல் அளவு முன்னால திருப்பிட்டேன் மச்சான். இழுவை கூடும்னு நினைச்சேன். அவகிட்டச் சொல்லப் பயம்."

"தெரியும் மாப்பிள்ளை. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னைக்கே வந்து பார்த்தேன்."

"அப்புறம் ஏன்..."

அண்ணன் வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தான்.

"என் மேல கோவம்னா நாலு மாசத்துல ஆறிடும். உங்க மேலன்னா தினமும் எரியும். சொல்றதையெல்லாம் இன்ஜினை அணைக்கிறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுங்க."