கல்லறைத் தோட்டத்து மண்

ஜெனிட்டா இருமினால் கைக்குட்டையில் கறுப்புத் துகள்கள் ஒட்டும். பள்ளி மைதானம், பூங்கா, தெருவோரம் என்று திருச்சி முழுவதும் செயற்கைப் புல்தான். அதில் தூவியிருந்த ரப்பர்த் தூள் அவள் நெஞ்சுக்குள் போயிருந்தது.

"பிள்ளையை இனிமே மண்ணுல மட்டும் விளையாட விடுங்க" என்றார் டாக்டர்.

அவளுடைய அப்பா சேவியர்ராஜ் ஊரெல்லாம் அலைந்தார். கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் மண் மிச்சமிருந்தது. காவலாளி டோமினிக்கிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். சிலுவைகளுக்கு நடுவே கட்டம் கீறி ஜெனிட்டா பாண்டி ஆடினாள். சில மாதங்களில் இருமல் குறைந்து, அசந்து தூங்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் தோட்டத்து வாசலில் பச்சைச் சுருள்களோடு லாரி நின்றது.

"என்னண்ணே இது?"

"மேலிடத்து உத்தரவு தம்பி. மண்ணுப் புழுதி பிள்ளைங்க உடம்புக்கு ஆகாதாம்" என்றார் டோமினிக், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சேவியர்ராஜ் லாரியை மறித்து நின்றார். வேலையாட்கள் இருவர் அவரை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார்கள். புல்லை விரிக்கத் தொடங்கினார்கள்.

ஜெனிட்டா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதப்பா. யாராச்சும் செத்தா குழி தோண்டுவாங்கல்ல, அன்னைக்கு வரலாம்."