மூலாதாரம் கேட்டு வந்தவள்

“இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன் ஆஷா. மூலாதாரம்தான் வேணும்னு ஒருத்தராவது கேட்டு வரலைன்னா, ஹாலை அந்த ஜூம்பா பொண்ணுக்கே விட்டுடலாம்.”

மனைவியிடம் போனில் சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த யோகா பாய்களைப் பார்த்தார் கங்காதரன். பற்றிக்கொண்டு வந்தது. வங்கி வேலையை உதறிவிட்டு அடையாறில் மாடி பிடித்து, ‘மூலாதார மையம்’ என்று வாசலில் போர்டு மாட்டியது மனிதர்களை அடிவேரிலிருந்து சரிசெய்வதற்காக. வந்தவர்களுக்கோ வேரைப் பற்றிய கவலையே இல்லை. ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, இன்னொருவருக்குத் தொப்பை. பெருங்குடியில் வேலை பார்க்கும் சிந்து, ஏழு சக்கரத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துத் தர முடியுமா என்று கேட்டாள். போன வாரம் வந்த பெரியவர் கதவைச் சாத்திவிட்டு, தனக்கிருப்பது உள்மூலமா வெளிமூலமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

ஆஷாவுக்கும் அலுத்துவிட்டது. ஜூம்பா டீனா இன்றைக்கே பதில் கேட்கிறாள், பிறகு அவளும் போய்விட்டால் ஹாலில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு குப்பம்மா உள்ளே வந்தாள்.

“நைனா, போர்டுல போட்டுக்கீதே, அது இங்கதான குடுக்கறாங்க?”

“மூலாதாரமா?”

“அதேதான். ஒரிஜினல்தான? அதுக்குத்தான் ஒரு வருசமா தெருத்தெருவா அலைஞ்சிக்கினு கீறேன்.”

கங்காதரனுக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே அசலைத் தவிர வேறெதுவும் கிடையாது என்றார். அவ்வளவுதான், குப்பம்மா பிடித்துக்கொண்டாள். மயிலாப்பூரில் ஒருவன் கண்ணை அகலமாகத் திறக்கச் சொன்னானாம். திறந்தாளாம். ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டானாம். தி.நகரில் இன்னும் மோசம். இவள் குப்பம்மாவே இல்லை, வேறு யாரோ என்று சாதித்தார்களாம்.

“பொறந்ததுலேர்ந்து நான் குப்பம்மா. நான் நானே இல்லன்னா அப்ப நான் யாரு நைனா? அத்தக் கேட்டா எவனும் பதில் சொல்ல மாட்டேன்றான். இது சரியானாத்தான் மத்ததெல்லாம் நடக்குமாம்.”

அவருக்குக் கண் கலங்கியே விட்டது. அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் எழாத கேள்வி. கண்ணைத் திறக்கச் சொன்னதுதான் அவர்கள் செய்த தப்பு, இங்கே மூட வேண்டும் என்று சொல்லி அவளைப் பாயில் உட்கார வைத்தார். மூலாதாரம் வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, முதுகெலும்பின் அடியில் இருக்கிறது, அது ஆட்டம் கண்டால் எதற்கெடுத்தாலும் பயம் வரும், அது நிலைத்த பிறகுதான் மேலே உள்ள சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் என்று விளக்கினார். அதெல்லாம் இருக்கட்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள் குப்பம்மா. சிலருக்கு ஒரு ஜென்மமே ஆகும் என்றார்.

“ஜென்மமா? அடப் போ நைனா. அந்த சர்க்காரு ஆளுங்களே தேவலாம் போலக்கீது.”

உனக்குச் சீக்கிரமே கிடைத்துவிடும் என்று அவசரமாகச் சமாதானம் சொல்லி, ‘லம்’ என்று அடிவயிற்றிலிருந்து சொல்லச் சொன்னார். சந்தையில் கூவிப் பழகிய குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இத்தனை நாளில் இந்த ஹாலில் ஒருவரும் இப்படி மனசார மந்திரம் சொன்னதில்லை.

“எங்க குப்பத்துல பாதிப் பேருக்கு இதே ரோதனைதான்” என்றாள் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே. “இங்க கெடைக்குதுன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

எட்டிப் பார்த்தார். படிக்கட்டு முழுக்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இனி என்ன யோசனை? பால்கனிக்கு ஓடி ஆஷாவைப் போனில் கூப்பிட்டு, டீனாவிடம் ஹால் கிடையாது என்று சொல்லிவிடு என்றார். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஆமாம் என்றார். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். டீனா பெசன்ட் நகரில் வேறு இடம் பேசி முடித்துவிட்டாளாம். போகட்டும், பீடை விட்டது என்று உள்ளே வந்தார்.

குப்பம்மா கண்ணைத் திறந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சுவரை ஒட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“போட்டோ எடுத்துக்க நைனா. மத்த ஆதார் சென்டர்ல கையும் கண்ணும்தான் பதிஞ்சானுங்க, உன் மூல ஆதார் சென்டர்ல கொரலையும் பதிஞ்சிட்ட. இப்பவாச்சும் கார்டுல சுப்பம்மாவ அடிச்சிட்டு குப்பம்மான்னு போட்டுக் குடுப்பியா?”