நூறாவது பந்து

"அந்தம்மா பந்தைத் தர மாட்டேங்கிறாங்க பாஸ்."

நான் சொன்னதும் மைதான ஓரத்தில் நின்ற எங்கள் டீம் ஓனர் ஹோலிங்கர் மைக்கை வாங்கினார்.

"முதல் வரிசையில இருக்கிற அம்மா, அது நம்ம கெண்ட்ரலோட நூறாவது டச்டவுன் பந்து. இன்னியோட அவரு ஆட்டத்தை விடுறாரு. மனசு வெச்சுக் குடுத்துடுங்க."

அரங்கமே அந்தம்மா லவர்னைப் பார்த்து ஊளையிட்டது. அரங்கம் என்றால் ஆயிரம் பேர்கூட இருக்காது. பதினோரு ஆட்டம் ஆடிப் பதினொன்றிலும் தோற்ற டீமைப் பார்க்க வேறு யார் வருவார்கள்?

ஐஸ் ஹாக்கி அரங்கின் பனிக்கட்டி மேல் பச்சைக் கம்பளம் விரித்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் எங்களுடையது. சுற்றிலும் இடுப்பளவு மெத்தைச் சுவர். கெண்ட்ரல் பந்தோடு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்ட வேகத்தில் சுவரில் மோதி, பந்து அந்தப் பக்கம் லவர்ன் மடியில் விழுந்துவிட்டது. சுவரைத் தாண்டின பந்து ரசிகருக்குத்தான் சொந்தம். எந்த ஊர் அரங்கத்திலும் அதுதான் வழக்கம்.

லவர்ன் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். ஏழு வருஷமாக அதே நாற்காலி. நான் இந்த டீமின் மூட்டை முடிச்சுக்குப் பொறுப்பு, அதனால் தூதும் என் தலையில்தான். மறுபடி போனேன்.

"லவர்னம்மா, எட்டு வருஷமா கெண்ட்ரல் அஞ்சு டீம்ல ஆடியிருக்கான். அதுல மூணு டீமை இழுத்து மூடியாச்சு. காட்டிக்க ஒரு கப்புகூட இல்ல. இந்தப் பந்தையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னு போன வாரம் எங்க டீம் பஸ்ல சொல்லிட்டு வந்தான்."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க?"

"சுவரைத் தாண்டினது எனக்குத்தான். போய் வேலையைப் பாரு."

பந்தைத் துணிப்பையில் திணித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ பாப்கார்னை அவர் தலையில் கொட்டினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

முப்பது பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றோம். கெண்ட்ரல் உடை மாற்றும் அறையில் முழங்காலில் ஐஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். ஹோலிங்கர் உள்ளே வந்தார்.

"பந்தை வாங்கினியா இல்லையா?"

"தரல பாஸ்."

"சே. என் கார் ஷோரூம்ல கண்ணாடிப் பெட்டிகூட ரெடி பண்ணிட்டேன்."

கெண்ட்ரல் நிமிர்ந்தான். "எனக்காகக் கேக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"உனக்காகத்தாம்ப்பா. உன் பேரைப் போட்டுத்தானே வெப்பேன். பந்து டீமோடதில்லையா?"

சண்டை போடக்கூடக் கெண்ட்ரலுக்குத் தெம்பில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினான்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அவனுடைய பழைய வண்டியில் சாய்ந்து லவர்ன் நின்றிருந்தார். முடியில் இரண்டு பாப்கார்ன் ஒட்டியிருந்தது.

துணிப்பையிலிருந்து பந்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

கெண்ட்ரல் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டான். "அத்தனை பேர் ஊளையிட்டாங்களேம்மா, அப்பவே சுவர்கிட்ட குடுத்திருக்கலாமே" என்றான்.

"முதல் பாதி முழுக்க உங்க ஓனர் எனக்குப் பின் சீட்டுலதான் உக்காந்திருந்தாரு. ஷோரூம் கண்ணாடிப் பெட்டிக் கதையெல்லாம் அப்பவே கேட்டாச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் குடுத்தா, பந்து அவரோடது. என்கிட்ட இருக்கிற வரைக்கும் என்னோடது. என்னோடதை நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."